விமானத்தில் ஸ்ட்ரோலர் கொண்டுபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தையோடு முதல்முறை விமானம் ஏறப் போகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டிதான். எடுத்துப்போகலாமா, காசு கேட்பார்களா, உடைத்துவிடுவார்களா, இறங்கினதும் கைக்கு வருமா. எங்கள் மகளுக்கு நாலு மாதம் ஆனதிலிருந்து மூன்று வயது தாண்டும்வரை அவளோடும் அவளுடைய வண்டியோடும் பலமுறை பறந்திருக்கிறோம். அதில் தெரிந்துகொண்டதை, மற்றப் பெற்றோர் எங்களிடம் கேட்ட கேள்விகளின் வரிசையிலேயே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களில் இதுவே திரும்ப வரும்: ஸ்ட்ரோலரைக் கொண்டுபோவதில் பெரிய சிரமம் கிடையாது, அது உங்கள் கையில் இல்லாத நேரத்தில்தான் திண்டாட்டம். அந்த நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக அடங்கிவிடும்.

ஸ்ட்ரோலருக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டுமா?

பெரும்பாலான விமான நிறுவனங்களில் வேண்டாம். குழந்தை மடியில் உட்கார்ந்து பயணம் செய்தாலும் சரி, தனி இருக்கையில் வந்தாலும் சரி, ஒரு குழந்தைக்கு ஒரு ஸ்ட்ரோலரை இலவசமாக ஏற்றிக்கொள்கிறார்கள், அது உங்கள் லக்கேஜ் எடையில் சேராது. பைக்குப் பை காசு வாங்கும் மலிவு விமானங்கள்கூட இதில் தாராளமாகத்தான் இருக்கின்றன. ஐரோப்பிய மலிவு விமான நிறுவனமான ரயன்ஏரில் ஸ்ட்ரோலரும் அதோடு கார் சீட் அல்லது பயணத் தொட்டில் போல இன்னொரு பொருளும் ஆக இரண்டு கட்டணமில்லாமல் போகும்.

ஆனால் இலவசம் என்றால் எந்த வண்டியையும் எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. எடை, மடித்த அளவு, எந்த இடம்வரை தள்ளிக்கொண்டு போகலாம் என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உதாரணமாக அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 20 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 9 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைச் செக்-இன் கவுன்டரிலேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் டிக்கெட் போடும் அன்றே அந்த நிறுவனத்தின் தளத்தில் கைக்குழந்தைப் பயணம் பற்றிய பகுதியைத் திறந்து படித்து, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் அந்தப் படம் பேசும்.

கவுன்டரிலேயே கொடுத்துவிடலாமா, கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகலாமா?

அனுமதி இருக்கும்வரை கேட், அதாவது விமானம் ஏறும் வாசல் வரைக்கும் கொண்டுபோங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பெரிய விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்து கேட்டுக்கு நடக்கவே இருபது நிமிடம் ஆகலாம், விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்த இரண்டு மணி நேரமும் குழந்தை உங்கள் தோளில்தான். ஸ்ட்ரோலர் கூடவே இருந்தால் குழந்தை அதில் தூங்கும், பால் பையும் டயப்பர் பையும் கீழே இருக்கும் கூடையில் கிடக்கும், உங்களுக்கு ஒரு கை மிச்சமாகும்.

கவுன்டரில் கொடுப்பதில் ஒரே லாபம், பாதுகாப்புச் சோதனையில் வண்டியை மடித்து நிமிர்த்தும் வேலை மிச்சம். குழந்தை மார்பில் கட்டும் துணிக் கேரியரில் ஆசையாக உட்காரும், நிலையமும் சின்னது, பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள் என்றால் அப்படிச் செய்யலாம். மடிக்கவே முடியாத பெரிய பிராம் வகை வண்டிக்கு வேறு வழி இல்லை, அது கவுன்டரில் இருந்து அளவு மீறிய பெட்டிகளுக்கான தனி இடத்துக்குத்தான் போகும், இறங்கும் ஊரிலும் அதேபோல ஒரு தனி பெல்ட்டிலோ ஓரத்துக் கதவு வழியாகவோதான் வரும்.

கேபினுக்குள்ளேயே வைக்கலாம் என்று சொல்லி விற்கிறார்களே, அது உண்மையா?

அளவில் உண்மை, உறுதியில் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. கைப்பைக்குப் பொது வழிகாட்டியாகச் சொல்லும் அளவு 56 × 45 × 25 செ.மீ. பேபிஸென் யோயோ என்ற ஸ்ட்ரோலரை மடித்தால் 52 × 44 × 18 செ.மீ., எனவே அதற்குள் அடங்கிவிடும். ஜிபி பாக்கிட் இன்னும் சின்னது, மடித்தால் 30 × 18 × 35 செ.மீ., 2014-இல் உலகிலேயே மிகச் சிறிதாக மடங்கும் ஸ்ட்ரோலர் என்று கின்னஸ் சாதனை பெற்றது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஐ.ஏ.டி.ஏ. அளவு வெறும் வழிகாட்டி, ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவைத் தானே வைத்துக்கொள்கிறது. அப்புறம் எடை. கைப்பைக்கு 7 கிலோதான் என்று சொல்லும் நிறுவனங்கள் நிறைய, ஆறு கிலோ வண்டியைக் கைப்பைக் கணக்கில் காட்டினால் மற்றச் சாமானுக்கு என்ன மிச்சம்? இதற்கும் மேலே, சின்ன விமானங்களில் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி குறுகலானது, பெரிய விமானத்திலும் அது நிரம்பிவிட்டால் அவ்வளவுதான். கடைசி முடிவு கதவருகே நிற்கும் பணியாளருடையது. அதனால் இப்படிப்பட்ட வண்டி வைத்திருந்தாலும் கீழே போகும் என்ற எண்ணத்தோடேயே கிளம்புங்கள், அதன் உறைப் பையை மறக்காதீர்கள், உள்ளே இடம் கிடைத்தால் சந்தோஷம்.

பாதுகாப்புச் சோதனையில் என்ன செய்யச் சொல்வார்கள்?

குழந்தையை வெளியே எடுக்கச் சொல்வார்கள். தூங்கிக்கொண்டிருந்தாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும், கெஞ்சிப் பயனில்லை, அவர்கள் வேலை அது. வண்டியை மடித்து எக்ஸ்-ரே பெல்ட்டில் வைக்க வேண்டும். அதற்குள் நுழையாத அகலமான வண்டி என்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கையால் தடவிப் பார்ப்பார்கள், ஒரு சின்னத் துணியால் கைப்பிடியைத் துடைத்து வெடிபொருள் தடயம் இருக்கிறதா என்று கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். இதெல்லாம் சாதாரணம், உங்கள் மேல் சந்தேகம் என்று பதற வேண்டாம்.

மாட்டிக்கொள்வது வழக்கமாக வண்டியில் தொங்கும் சாமான்களால்தான். கூடையில் ஒரு தண்ணீர் பாட்டில், பின் பையில் ஒரு பொம்மை, கைப்பிடியில் கொக்கி போட்டு இரண்டு பை, மேலே ஒரு போர்வை. வரிசை நமக்குப் பின்னால் நீண்டுகொண்டிருக்கும்போது இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற முயன்றால் கையும் ஓடாது காலும் ஓடாது. வரிசையில் நுழையும் முன்பே ஒரு ஓரமாக நின்று, வண்டியில் இருப்பதை எல்லாம் ஒரே பைக்குள் போட்டுவிடுங்கள். அதன் பிறகு குழந்தையைத் தூக்கி, வண்டியை மடித்து வைப்பது மட்டும்தான் பாக்கி.

குழந்தைக்கான பால், பால் பவுடர் கரைக்கும் தண்ணீர், குழந்தை உணவு ஆகியவற்றை 100 மி.லி. வரம்பில் இருந்து பல நாடுகள் விலக்கி வைத்திருக்கின்றன. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம், ஆனால் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். 2006-இல் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்த வரம்பு அது. கூடையில் இருக்கும் உங்கள் சொந்தத் தண்ணீர் பாட்டிலுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் ஒரு பயிற்சி செய்துவிட்டுக் கிளம்புங்கள்: குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மற்றக் கையால் மட்டும் வண்டியை மடிக்க வேண்டும், விரிக்கவும் வேண்டும். பத்து தடவை செய்தால் கை தானாகப் பழகிவிடும். ஒரு கையால் மடிக்கவே முடியாத வண்டி என்றால் அதுவும் வீட்டிலேயே தெரிந்துவிடும், பக்கத்தில் நிற்பவரிடம் உதவி கேட்பதற்கு மனதளவில் தயாராகலாம்.

கேட்டில் கொடுப்பது என்றால் சரியாக என்ன நடக்கும்?

வண்டிக்கு ஒரு டேக் வேண்டும். சில இடங்களில் கவுன்டரிலேயே கட்டிவிடுவார்கள், சில இடங்களில் கேட்டில் கேட்டு வாங்க வேண்டும். கவுன்டரில் நிற்கும்போதே “ஸ்ட்ரோலர் இருக்கிறது, கேட்டில் கொடுக்கப் போகிறேன், டேக் இங்கே கட்டுவீர்களா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் விமானம் ஏறும் அவசரத்தில் கேட்டில் திரும்ப ஒரு வரிசை நிற்க நேரும்.

டேக்கின் ஒரு பாதி வண்டியில் தொங்கும், மற்றொன்று உங்களிடம் இருக்கும். அந்தத் துண்டுக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், போர்டிங் பாஸில் ஒட்டி வையுங்கள், முடிந்தால் படமும் எடுங்கள். அதில் அச்சாகியிருக்கும் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள். உங்கள் வண்டி அங்கேதான் போகும். ஒரே விமானம் என்றால் பிரச்சினை இல்லை, இடையில் மாறுகிறீர்கள் என்றால் அந்த மூன்று எழுத்துகளில் எல்லாமே அடங்கியிருக்கிறது.

ஏரோபிரிட்ஜ், அதாவது கேட்டையும் விமானத்தையும் இணைக்கும் மூடிய பாலம் வழியாகப் போனால் விமானத்தின் கதவுக்குச் சற்று முன்னால் வண்டியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும், பேருந்தில் கொண்டுபோய் விட்டால் படிக்கட்டின் அடியில். மழையில் திறந்த வெளியில் மடிக்க வேண்டியும் வரலாம், அதனால் உறைப் பை மேலாகவே இருக்கட்டும். குழந்தையோடு வருபவர்களை முதலில் ஏறச் சொல்லி அழைத்தால் உடனே போய்விடுங்கள். குழந்தை இன்னும் கொஞ்சம் ஓடி விளையாடட்டும் என்று காத்திருந்து கடைசியில் போகிறவர்களும் உண்டு, அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வண்டியை மடிக்கும்போது பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் பைகளோடு முதலிலேயே உள்ளே போகட்டும், மற்றவர் குழந்தையோடு கடைசியில் வரட்டும். எங்களுக்கு இதுதான் சரிப்பட்டது.

இறங்கினதும் வண்டி கதவருகே இருக்குமா, பெல்ட்டில் வருமா?

இந்தக் கேள்வியைத்தான் மிகக் குறைவானவர்கள் கேட்கிறார்கள், இதில்தான் மிக அதிகமானவர்கள் திண்டாடுகிறார்கள்.

பெரும்பாலானோர் கதவருகே கொடுத்தால் கதவருகே திரும்ப வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில நிலையங்களில் அப்படித்தான். ஆனால் பல பெரிய நிலையங்களில் அது மற்றப் பெட்டிகளோடு பெல்ட்டுக்கே போய்விடும். அப்படியானால் நீண்ட நடைபாதைகள், குடியேற்ற வரிசை, அதன் பிறகு பெட்டிகள் வரும் இடம் என்று எல்லாவற்றையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே கடக்க வேண்டும். பத்து மணி நேரப் பயணம் முடித்து, அரைத் தூக்கத்தில் இருக்கும் பத்து கிலோக் குழந்தையை ஒரு மணி நேரம் தோளில் போட்டுக்கொண்டு குடியேற்ற வரிசையில் நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. வண்டி வந்துவிடும் என்று நம்பி கேரியரைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தோம்.

அதனால் மூன்று விஷயம். ஏறும்போது வண்டியை வாங்கிக்கொள்பவரிடம் “இறங்கும் ஊரில் இது எங்கே கிடைக்கும்?” என்று கேளுங்கள். தரையிறங்கும் முன்பு விமானப் பணிப்பெண்ணிடமோ பணியாளரிடமோ இன்னொரு தடவை கேளுங்கள், அவர்கள் விசாரித்துச் சொல்வார்கள். மூன்றாவது, அவர்கள் என்ன சொன்னாலும் குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியரைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். ஸ்ட்ரோலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயணத்தின் இரண்டு முனையிலும் அது உங்களோடு இருக்காது, அந்த இடைவெளியை நிரப்புவது இந்தத் துணிதான்.

கதவருகே வரும் என்று சொன்னால் அவசரப்படாமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருங்கள். கீழிருந்து வண்டியை மேலே கொண்டுவர ஐந்து பத்து நிமிடம் ஆகும், அதுவரை ஏரோபிரிட்ஜில் கூட்டத்துக்கு நடுவே நிற்பதைவிட உள்ளே இருப்பது மேல்.

இடையில் விமானம் மாற வேண்டும். நடுவில் வண்டி கிடைக்குமா?

டேக்கில் கடைசி ஊரின் குறியீடு இருந்தால் கிடைக்காது, அது நேரே அங்கே போய்விடும். நடுவில் வேண்டும் என்றால் டேக் போடும்போதே சொல்ல வேண்டும், அந்த நிலையத்தில் கதவருகே தரும் வழக்கம் இருந்தால்தான் அதுவும் நடக்கும். மாறும் நேரம் ஒரு மணிக்கும் குறைவாக இருந்தால் நான் கேட்கவே மாட்டேன், வண்டிக்காகக் காத்திருந்து அடுத்த விமானத்தைத் தவறவிட யாருக்கு மனம் வரும். நாலைந்து மணி நேரம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

சிங்கப்பூர் சாங்கி, துபாய் போன்ற சில பெரிய நிலையங்களில் பயணிகளுக்கு இலவசமாக ஸ்ட்ரோலர் தருகிறார்கள். இறங்கினதும் தகவல் மேசையில் கேட்டால் எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள்.

இரண்டு விமானமும் தனித்தனி டிக்கெட் என்றால் கதையே வேறு. நடுவில் வெளியே வந்து, பெல்ட்டில் வண்டியை எடுத்து, திரும்ப முதலில் இருந்து கொடுக்க வேண்டும். அதற்கும் சேர்த்து நேரம் வையுங்கள்.

வண்டி உடையாமல் இருக்க எப்படிக் கட்டி அனுப்புவது?

முதலில், தனியே கழலும் எதையும் வண்டியில் விடாதீர்கள். கப் வைக்கும் வளையம், தின்பண்டத் தட்டு, பை மாட்டும் கொக்கி, முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பி, மழை உறை எல்லாம் கழன்று உங்கள் பெட்டிக்குள் போகட்டும். தொலைந்துபோவது பெரும்பாலும் வண்டி இல்லை, இந்தத் துண்டு துணுக்குகள்தான்.

பிறகு மடித்த வண்டி திறந்துகொள்ளாதபடி கட்ட வேண்டும். மடித்த வண்டி பாதியில் திறந்துகொண்டால்தான் கம்பி எதிலாவது சிக்கி வளையும். பூட்டு இருந்தாலும் ஒரு பட்டையால் நடுவில் இறுக்கிக் கட்டுங்கள், குழந்தையின் சீட் பெல்ட்டையும் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தொங்கும் பட்டை பெல்ட் இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளும். அதன் மேல் உறைப் பை. மெல்லிய பை அழுக்கையும் ஈரத்தையும் தடுக்கும், அடியைத் தடுக்காது. கவுன்டரிலேயே கொடுப்பதாக இருந்தால் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த பை வாங்குவது நல்லது, சக்கரம் கழலும் வகை என்றால் கழற்றி உள்ளே வையுங்கள், அச்சு முனையில் பழைய துணியைச் சுற்றுங்கள். கேட்டில் கொடுத்தாலும் அது கீழே சாமான் அறைக்குத்தான் போகிறது, மேலே பெட்டிகளை அடுக்கவும் செய்வார்கள், எனவே கேட்டில் கொடுத்தால் அடிபடாது என்று நம்ப வேண்டாம்.

பையில் மிச்ச இடம் இருக்கிறதே என்று துணியும் டயப்பரும் திணிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நான் செய்ய மாட்டேன். இலவசம் என்பது வண்டிக்குத்தான், பை கனமாக இருந்தால் கவுன்டரில் திறக்கச் சொல்லலாம். தவிர, கனம் கூடக் கூட அதைத் தூக்கி எறியும் வேகமும் கூடும்.

பெயர், போன் எண் எழுதிய அட்டையைப் பையில் மட்டும் கட்டாமல் வண்டியின் கம்பியிலும் கட்டுங்கள். கொடுப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

காற்றடிக்கும் டயர் வெடித்துவிடுமா?

வெடிக்காது. பயணிகள் விமானத்தில் கீழ்ச் சாமான் அறையும் கேபினைப் போலவே காற்றழுத்தம் கட்டுப்படுத்தப்பட்டதுதான். அது அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும், கடல் மட்டத்து அழுத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. வெளி அழுத்தம் குறைவதால் டயருக்குள் சுமார் 4 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அழுத்த அலகு) கூடினது போல இருக்கும். ஏற்கெனவே முட்ட முட்ட அடித்து வைத்திருந்தால் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், அவ்வளவுதான். சில நிறுவனங்கள் காற்றை இறக்கச் சொல்லிக் கேட்கும், அப்படி இறக்கினால் போய்ச் சேர்ந்த ஊரில் அடிக்க ஒரு சின்ன பம்ப் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வண்டியில் மாட்டும் சின்ன ஃபேன், ஆட்டிவிடும் கருவி, பேட்டரி ஸ்ட்ரோலர்?

ஃபேனிலும் ஆட்டும் கருவியிலும் இப்போது இருப்பது பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. கேட்டில் வண்டியை ஒப்படைக்கும் அவசரத்தில் ஃபேன் அதிலேயே மாட்டியபடி கீழே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கழற்றிக் கைப்பையில் வையுங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் யாராவது கவனித்து அணைக்க முடியும், சாமான் அறையில் முடியாது, அதனால்தான் உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கேபினில் மட்டுமே அனுமதி.

பேட்டரியின் கொள்ளளவுக்கு வரம்பு பொதுவாக 100 வாட்-மணி. 100-க்கும் 160-க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். கணக்கு எளிது, வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும்: 3.7 வோல்ட், 5000 எம்.ஏ.ஹெச்., அதாவது 5 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 18.5 வாட்-மணி, எனவே ஃபேனுக்கெல்லாம் கவலை இல்லை. மோட்டார் வைத்த ஸ்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் மட்டும் பேட்டரி கழலுமா, அதன் மேல் எத்தனை வாட்-மணி என்று எழுதியிருக்கிறது என்று பார்த்து முன்கூட்டியே நிறுவனத்திடம் பேசிவிடுங்கள்.

உடைந்து வந்தால் என்ன செய்வது?

நிலையத்தை விட்டு வெளியே போகாதீர்கள். எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒரு பயணத்தில் முன் சக்கரத்தின் அச்சு வளைந்து வந்தது. நள்ளிரவு, குழந்தை அழுகிறது, காலையில் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டோம். காலையில் அழைத்தால், நிலையத்திலேயே ஏன் சொல்லவில்லை, வெளியே போன பிறகு வளைந்ததில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். நாங்கள் புறப்படும்போது எடுத்த ஒரு படத்தில் தற்செயலாகச் சக்கரம் தெளிவாகத் தெரிந்தது, அதை வைத்துப் பல வாரம் எழுதிய பிறகு பழுதுபார்த்த செலவு கிடைத்தது. அந்தப் படம் இல்லையென்றால் கிடைத்திருக்காது. படம் எடுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

செய்ய வேண்டியது இது: பெல்ட்டில் எடுத்த உடனே, பையைக் கழற்றி, வண்டியை விரித்து, நாலடி தள்ளிப் பாருங்கள். பழுது இருந்தால் அங்கேயே இருக்கும் லக்கேஜ் சேவை மேசையில் போய் பி.ஐ.ஆர். என்னும் புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். டேக்கின் பாதி இங்கே தேவைப்படும்.

நாடு விட்டு நாடு போகும் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி சேதத்துக்கான புகாரை, சாமான் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். புகார் இல்லாமல் வாங்கிக்கொண்டால் நல்ல நிலையில்தான் வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அது இறுதித் தீர்ப்பு இல்லை, நீங்கள் ஆதாரம் காட்டி மறுக்கலாம். வழக்குப் போடுவதற்கு 2 ஆண்டு அவகாசம். இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அதற்கு முன் 1,288 ஆக இருந்தது. சாமானின் சொந்தக் குறைபாட்டால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்றும் அதில் இருக்கிறது, எனவே வாங்கிய ரசீதும் புறப்படும் முன் எடுத்த படமும் உங்கள் பக்கம் பேச வேண்டியவை. உள்நாட்டுப் பயணத்துக்கு அந்தந்த நாட்டுச் சட்டம்தான்.

வண்டி வரவே இல்லை என்றால்?

அதே மேசை, அதே படிவம். ஆனால் இங்கே கூடுதலாக ஒன்று கேளுங்கள்: வண்டி வரும்வரை பயன்படுத்த ஒன்று இரவல் தருவார்களா என்று. சில இடங்களில் இதற்காகவே சில வண்டிகளை வைத்திருக்கிறார்கள், கேட்டால்தான் தருவார்கள். இல்லையென்றால் வாடகைக்கு எடுத்து ரசீதைப் பத்திரமாக வையுங்கள், தாமதத்தால் வந்த நியாயமான செலவைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தாமதத்துக்கான புகாருக்கு வண்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாள் அவகாசம். வர வேண்டிய நாளில் இருந்து 21 நாள் ஆகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம்.

பயணத்துக்கென்று மலிவான வண்டி ஒன்று வாங்குவதா, வீட்டில் இருக்கும் நல்ல வண்டியையே கொண்டுபோவதா?

வருடத்துக்கு ஒரு பயணம் என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், தெரிந்தவர்களிடம் ஒரு லேசான வண்டியை இரவல் வாங்குங்கள். அடிக்கடி பறப்பவர்கள் ஏழு கிலோவுக்குக் குறைவான, ஒரு கையில் மடங்கும், தோளில் மாட்ட வாருள்ள வண்டி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. பல மாதம் தங்கப் போகிறீர்கள், போகும் ஊரில் கரடுமுரடான பாதை அதிகம் என்றால் மட்டும் பெரிய வண்டியைக் கொண்டுபோகலாம்.

இந்த லேசான வண்டிகள் எல்லாவற்றுக்கும் மூத்தது ஒரு விமானப் பொறியாளர் செய்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஓவன் மெக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு, 1965-இல், பேரக்குழந்தைக்காக அலுமினியக் குழாய்களால் குடை மாதிரி மடியும் ஒரு வண்டியை வடிவமைத்தார். எடை மூன்று கிலோகூட இல்லை. விமானச் சக்கரம் எப்படி மடங்கி உள்ளே போக வேண்டும் என்று யோசித்த அதே கை.

பிறந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகிறது. எந்த வண்டி?

கழுத்து நிற்காத பச்சைக் குழந்தைக்குப் படுக்கை நிலை வேண்டும். நன்றாகச் சாயாத பயண ஸ்ட்ரோலர்கள் ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் பிறகுதான் பொருந்தும், வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். வீட்டு வண்டியின் கழற்றக்கூடிய படுக்கைத் தொட்டியை விமானத்துக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைக்க முடியாது. அதற்குப் பதிலாக நீண்ட தூர விமானங்களில் முன் தடுப்புச் சுவரில் மாட்டும் பாசினெட் என்னும் சின்னத் தொட்டில் இருக்கும், எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் டிக்கெட் போட்ட அன்றே கேட்டு வையுங்கள். எடை, நீளம் இரண்டுக்கும் வரம்பு உண்டு. விமானம் குலுங்கினால் குழந்தையை எடுத்து மடியில் வைத்து பெல்ட் போட வேண்டும்.

கார் சீட்டும் ஸ்ட்ரோலரும் ஒன்றாக இருப்பதைக் கொண்டுபோகலாமா?

குழந்தைக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தால் நல்ல யோசனை. ஆனால் விமானத்தில் பயன்படுத்த அனுமதி பெற்ற சீட்டாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் சீட்டில் மோட்டார் வாகனத்துக்கும் விமானத்துக்கும் சான்று பெற்றது என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். தனி டிக்கெட் இல்லையென்றால் அதுவும் கீழேதான் போகும், கார் சீட் அடிபட்டால் வெளியே தெரியாமலே உள்ளே விரிசல் விடலாம் என்பதால் அப்படி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

மார்பில் கட்டும் கேரியரோடு அப்படியே உட்கார்ந்துகொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். பறக்கும்போது குழந்தை அதில் தூங்கலாம், ஏறும்போதும் இறங்கும்போதும் வெளியே எடுக்கச் சொல்வார்கள். அமெரிக்க விதியிலும் அப்படித்தான்.

இரட்டைக் குழந்தைகள்?

பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அகல வண்டியைவிட, தனித்தனி லேசான வண்டி இரண்டு எளிது. இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஆளுக்கு ஒன்று. அகல வண்டிதான் என்றால் பாதுகாப்புச் சோதனைக்குக் கூடுதல் நேரம் வையுங்கள், கேட்டில் ஏற்பார்களா என்று முன்பே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தனியாகக் குழந்தையோடு போகிறேன். சமாளிக்க முடியுமா?

முடியும். என் மனைவி ஏழு மாதக் குழந்தையோடு தனியாகப் போய் வந்திருக்கிறாள். கையில் சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகில் ஒரு பை, மார்பில் கேரியர், முன்னால் ஸ்ட்ரோலர். பெரிய பெட்டியைக் கவுன்டரில் கொடுத்துவிடுங்கள். எஸ்கலேட்டரில் வண்டியோடு ஏறவே ஏறாதீர்கள், லிஃப்ட் தள்ளியிருந்தாலும் அதைத் தேடிப் போங்கள். குழந்தையை முதலில் கேரியரில் மாட்டிவிட்டு அப்புறம் வண்டியை மடிப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள், சோதனையிலும் சரி, கேட்டிலும் சரி. டிக்கெட் போடும்போதே தனியாகக் குழந்தையோடு வருகிறேன் என்று சொல்லி உதவி கேட்டு வைக்கலாம், பல நிறுவனங்கள் ஆள் அனுப்பும். யாராவது “வண்டியை நான் மடிக்கட்டுமா?” என்று கேட்டால் சரி என்று சொல்லிவிடுங்கள், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள்.